தம்பிதுரை கேட்ட மன்னிப்பு

காங்கேயம் பஸ் நிலையத்தில் ஒரு சந்தை நாளன்று தம்பிதுரையின் காலை எவனோ ஒருவன் செருப்புக் காலோடு மிதித்துவிட்டான். மிதித்தவன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தான். மிதிபட்டவர்தான் நெளிந்துகொண்டே, "கால குறுக்க வெச்சுப்போட்டனுங்க, மன்னிச்சுக்கோங்க" என்றார். இதை அவருடைய மனைவி மாரியாத்தாள் பார்க்காமல் இருந்திருந்தால் ஊருக்குத் தெரிந்திருக்காது. பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் எந்த விசேஷ வீட்டில் நாலு பெண்கள் கூடினாலும், "எங்கூட்டுக்காரரை ஒருத்தன் வெட்டிப்போட்டாலும், அருவா மழுங்கிப்போச்சுங்களான்னு கேப்பாருங்க" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பாள்.

சிரித்தவர்களுக்கும் அந்த மனுஷன் இல்லாமல் காரியம் நடக்காது. ஊருக்குத் தெற்கே அவருக்கு ஒரு தேங்காய்க் களம் இருந்தது. உடைத்த தேங்காயை வெயிலில் காயப்போட்டு, பருப்பை எடுத்து எண்ணெய் மில்லுக்கு அனுப்புகிற தொழில். களத்துப் பெண்களுக்குள் சண்டை, லாரிக்காரனுக்கும் மூட்டை தூக்குகிறவனுக்கும் சண்டை, பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு, எதுவானாலும் கடைசியில் ஆள் வந்து நிற்பது அவருடைய களத்து வாசலில்தான். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமனை யாரும் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னாலேயே முப்பது பேர் எழுந்துவிட்டார்கள். தம்பிதுரை பெண் வீட்டுக்கும் உறவில்லை, மாப்பிள்ளை வீட்டுக்கும் உறவில்லை. மொய் வைக்க வந்தவர். ஓடிப்போய் அந்த மாமன் முன்னால் நின்று, "எங்க தப்புத்தானுங்க, எங்க மொகத்தப் பார்த்து மன்னிச்சுப்போடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாமனுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "அட, நீங்க எதுக்குங்க! நானும் கொஞ்சம் அவசரப்பட்டுப்போட்டேன்" என்று அவரே வெட்கப்பட்டுக்கொண்டு இலையில் உட்கார்ந்தார்.

அந்தப் பக்கம் பஞ்சாயத்துப் பேசுவதை நாயம் என்பார்கள். அதன் சூட்சுமமே இதுதான். நாலு பேர் கூடி நாயம் பேசும்போது முதலில் யார் மன்னிப்புக் கேட்கிறாரோ அவர் குற்றவாளி என்று யாரும் நினைப்பதில்லை. பெரிய மனுஷன் என்றுதான் நினைப்பார்கள். அவர் கேட்டவுடனே எதிராளி "எங்க மேலயும் தப்பு இருக்குதுங்க" என்று மறுவார்த்தை சொல்லியாக வேண்டும். சொல்லாதவன் மனுஷனே இல்லை. மறுவார்த்தை வந்ததும் காப்பி வந்துவிடும். யார் செய்தது, என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் அதற்கப்புறம் யாரும் கிளறமாட்டார்கள். தம்பிதுரை ஐம்பது வயது வரைக்கும் இந்த ஒரு சாவியை வைத்துக்கொண்டுதான் எல்லாப் பூட்டையும் திறந்தார். திறக்காத பூட்டு ஒன்று இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவருக்கு ஒரே மகன், பூபதி. அப்பனுக்கு நேர் எதிர். கையெடுத்துக் கும்பிடுவதெல்லாம் சாமிக்கு மட்டும்தான் என்கிற ரகம். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஓட்டை உடைத்துவிட்டு, "நான்தானுங்க ஒடைச்சேன்" என்று தானே போய் நின்றவன். அதே பையன், தான் உடைக்காத இன்னொரு ஓட்டுக்கு அடி வாங்கிய போதும் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை. "இவன் ஆரு மாதிரிங்க?" என்று தம்பிதுரை மனைவியிடம் கேட்பார். "எங்கப்பன் மாதிரி" என்று அவள் பெருமையாகச் சொல்வாள்.

பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் புதிதாக வந்திருந்த ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் அவனுக்கு மெக்கானிக்கல் சீட் கிடைத்தது. அந்தக் குடும்பத்திலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். அவன் லீவுக்கு வந்தால் மாரியாத்தாள் ஏதாவது சாக்குச் சொல்லி அவனைக் களத்துப் பெண்கள் முன்னால் நடக்கவிட்டுக் காட்டுவாள்.

தொண்ணூற்றேழில் ராகிங்கைத் தடை செய்து அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. ராகிங்கில் ஒரு மாணவனைக் கொன்றேவிட்டார்கள் என்று தமிழ்நாடே பதறிக் கிடந்த நேரம். இனிமேல் ராகிங் நடந்து, நிர்வாகம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தால், நிர்வாகத்தின் தலைக்கும் வம்பு. நல்ல சட்டம்தான், பிள்ளை பெற்றவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது வந்ததோடு காலேஜ்காரர்களுக்கு ஒரு புதுத் தேவையும் வந்து சேர்ந்தது. ஏதாவது ஒன்று நடந்துவிட்டால், அரசாங்கம் கேட்கும் முன்னே பிடித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும்.

அடுத்த வருஷமே அந்த மலையடிவாரக் காலேஜில் அது நடந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த அமீர் ஹம்சா என்ற முதலாமாண்டுப் பையனை, ஹாஸ்டல் மாடியில் நாலு பேர் துண்டால் கண்ணைக் கட்டி, கைப்பிடிச் சுவர் மேல் நடக்கச் சொன்னார்கள். பையன் கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. கட்டிவிட்டவர்கள் ஓடிவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்த பூபதிதான் அலறல் கேட்டுப் போய், பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடினான். முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு டெம்போவை மறித்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். விடிந்ததும் காலேஜ் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, சட்டையெல்லாம் ரத்தத்தோடு அங்கே உட்கார்ந்திருந்த மாணவன் அவன் ஒருவன்தான்.

கண்ணைக் கட்டிய நாலு பேரில் ஒருவன் தாளாளரின் அக்கா மகன். இது ஹாஸ்டல் முழுக்கத் தெரியும், வார்டனுக்கும் தெரியும். தெரிந்த வாயெல்லாம் பூட்டிக்கொண்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

தம்பிதுரைக்குப் பக்கத்து மில்லுக்குப் போன் வந்தது. பையனைப் பற்றி ஒரு விஷயம், நேரில் வாருங்கள் என்றார்கள். அடித்துப் பிடித்துக்கொண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தார். தாளாளர் அறையில் பிரின்ஸிபால் இருந்தார், வார்டன் இருந்தார், மூலையில் டைப் அடிக்கிற ஒருவர் இருந்தார். எதிர் நாற்காலியில் முக்காடிட்ட ஒரு பெண் கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் அமீர் ஹம்சாவின் தாய் பாத்திமுத்து. பூபதி சுவரோரம் நின்றுகொண்டிருந்தான், அதே ரத்தச் சட்டையோடு.

தாளாளர் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க, வாங்க. உக்காருங்க. பஸ்ஸெல்லாம் நல்லபடியா கெடைச்சுதுங்களா?" காப்பி வரவழைத்தார். அந்த மரியாதையில் தம்பிதுரைக்குப் பாதி பயம் போய்விட்டது.

"பெருசு பண்ண வேண்டாமுன்னு பாக்கறனுங்க" என்றார் தாளாளர். "இப்ப சட்டம் வேற மாதிரி. கவர்மெண்டுல கேப்பாங்க. போலீஸு, கோர்ட்டுன்னு போனா புள்ளைங்க வாழ்க்கையே வீணாப் போயிரும். இந்தம்மா மனசு ஆறற மாதிரி, பெரியவங்க நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா, இங்கயே முடிச்சுக்கலாமுங்க."

தம்பிதுரைக்குப் புரிந்துவிட்டது. இது நாயம். இதை அவர் எத்தனை முறை பேசியிருக்கிறார்!

"அப்பா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க" என்று பூபதி முன்னால் வந்தான். "அந்தப் பையன நான்..."

"பெரியவங்க பேசிட்டிருக்கறப்ப நீ சும்மா இரு சாமி."

எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பாத்திமுத்துவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க பையன் செஞ்சது தப்புத்தானுங்க அம்மணி. உங்க பையனும் எங்களுக்குப் புள்ளையாட்டத்தான். எங்களப் பார்த்து மன்னிச்சுப்போடுங்க." அப்புறம் தாளாளர் பக்கம் திரும்பி அங்கேயும் கும்பிட்டார்.

கும்பிட்ட கையோடு மறுவார்த்தைக்காகக் காத்திருந்தார். அட விடுங்க, எங்க மேலயும் தப்பு இருக்குதுங்க, ஹாஸ்டல நாங்களும் கவனிச்சிருக்கோணுமுங்க. இப்படி ஏதோ ஒன்று வர வேண்டும். தாளாளர் ஒன்றும் சொல்லவில்லை. மூலையிலிருந்த டைப் மிஷின் மட்டும் கொஞ்ச நேரம் சத்தம் போட்டுவிட்டு ஓய்ந்தது.

"சரிங்க. நீங்க வெளிய இருங்க" என்றார் தாளாளர்.

வெளியே மரத்தடியில் பூபதி அழுதுவிட்டான். விவரம் தெரிந்த பிறகு அவன் அழுது அவர் பார்த்ததில்லை. "நான்தானுங்கப்பா அவனத் தூக்கிட்டுப் போனது. நான் எதுக்குங்க அவன் கண்ணக் கட்றேன்?"

"போச்சாது விடு கண்ணு. எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனி ஒண்ணும் வராது" என்று அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார் தம்பிதுரை. அவர் அதை மனசாரத்தான் சொன்னார், பாவம்.

முடிந்துதான் போனது. பத்து நாளில் பூபதியைக் காலேஜை விட்டு நீக்கிவிட்டார்கள். விசாரணையில் மாணவனின் தந்தையே குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார் என்று காரணம் எழுதியிருந்தது. டி.சி.யில் நடத்தை சரியில்லை என்று போட்டுக் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு அப்பனும் மகனும் ஈரோடு போனார்கள், சேலம் போனார்கள், நாமக்கல் போனார்கள். எல்லாக் காலேஜிலும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ராகிங் கேஸ் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார்கள். மாரியாத்தாள் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பஸ் நிலையக் கதையை அவள் வாயில் அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

பூபதி சும்மா இருக்கவில்லை. அரசாங்கத்துக்கு மனு எழுதினான். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் இன்னொன்று. தனியார் காலேஜுகள் ராகிங் புகார்களை எப்படி விசாரிக்கின்றன என்று நேரில் பார்க்க மெட்ராஸிலிருந்து அதிகாரிகள் போகிறார்கள் என்று பேப்பரில் வந்தபோது, அதை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். அந்த நாட்களில் அவன் நன்றாகச் சாப்பிட்டான். "வர்றவங்க கவர்மெண்டு ஆளுங்கம்மா, காலேஜ் ஆளுங்க இல்ல. கேட்டாங்கன்னா உண்மை வந்துரும்" என்று அம்மாவிடம் சொன்னான். அடுத்த கோடையில், அவனையும் அப்பாவையும் வரச்சொல்லி ஒரு தபாலும் வந்தது.

வந்திருந்த அதிகாரி ராமாமணி என்கிற அம்மாள். தலை நரைத்தவர், நிதானமாகப் பேசுகிறவர், நல்ல மாதிரி. காலேஜ் விருந்தினர் அறையில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டார். பூபதி ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். தம்பிதுரைக்கு நெஞ்சு லேசானது.

அமீர் ஹம்சாவைக் கேட்டார்கள். பையன் கைத்தடியோடு வந்திருந்தான். அவனை அதே காலேஜில்தான் திரும்பவும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், அதே ஹாஸ்டலில்தான் இருந்தான். தாளாளர் அடுத்த அறையில் இருந்தார். "கண்ணைக் கட்டியிருந்தாங்க மேடம். யாருன்னு தெரியல" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"உன்னைத் தூக்கிட்டுப் போனது யாரு?"

"மயக்கமா இருந்துச்சுங்க."

பாத்திமுத்துவைக் கேட்டார்கள். அவள் பொய் சொல்லவில்லை. "இந்த அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, எம்மவன் செஞ்சது தப்புன்னு சொன்னாருங்க. செய்யாதவங்க எதுக்குங்க கும்பிடணும்?" என்றாள்.

ராமாமணி தம்பிதுரையிடம் திரும்பினார். "அப்படிச் சொன்னீங்களா?"

"சொன்னனுங்க."

"உங்க பையன் செய்யலைன்னா ஏன் மன்னிப்புக் கேட்டீங்க?"

தம்பிதுரை எழுந்துகொண்டார். அவர் பக்கத்து வழக்கத்தை எப்படியாவது எடுத்துச் சொல்லிவிட வேண்டும். மறுவார்த்தையைச் சொல்ல வேண்டும், பந்தியில் கோபித்த மாமனைச் சொல்ல வேண்டும். "அது வந்துங்க... எங்க பக்கமெல்லாம் அப்பிடித்தானுங்க... நான் வெவரமில்லாத ஆளு, தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க அம்மணி" என்று அங்கேயும் கையைக் குவித்துவிட்டார்.

அறையில் யாரோ சிரித்தார்கள். பூபதி கண்ணை மூடிக்கொண்டான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

எல்லாம் முடிந்து ஜீப் ஏறப் போகும்போது ராமாமணி, வாசலில் நின்றுகொண்டிருந்த தம்பிதுரையிடம் வந்தார். "ஐயா, புகார் வந்ததும் காலேஜ் நடவடிக்கை எடுத்துச்சா, இல்லையா? இதைப் பாக்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. எடுத்திருக்காங்க. விசாரிச்சிருக்காங்க, பெத்தவங்களைக் கூப்பிட்டிருக்காங்க, நீக்கியிருக்காங்க. சரியான ஆளை நீக்கினாங்களான்னு கேக்க எனக்கு ஒரு பிடி வேணும். அன்னைக்கு நீங்க ஒண்ணுமே பேசாம இருந்திருந்தா அந்தப் பிடி இருந்திருக்கும்" என்றார். அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் பூபதி முன் சீட்டில் உட்கார்ந்தான், அவர் பின்னால் உட்கார்ந்தார். காந்திபுரம் வந்ததும் அவன் எழுந்து, "நான் இங்கயே எறங்கிக்கறனுங்க. நீங்க பாத்துப் போங்க" என்றான். அன்றைக்கே கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

அதற்கப்புறம் சண்டை என்று ஒன்றும் இல்லை. நோம்பி, பண்டிகை என்றால் வருவான். "நல்லா இருக்கீங்களா? சாப்ட்டீங்களா?" என்று கேட்பான். கேட்டதற்கெல்லாம் "சரீங்க, ஆமாங்க" என்பான். அப்பா என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டான். ஒருமுறையாவது ஏசியிருந்தால் தம்பிதுரை பிழைத்திருப்பார். ஏசுகிறவனிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியும். மரியாதையாகப் பேசுகிற சொந்த மகனிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. நாயம் பேச ஆள் வந்தால், "ஒடம்பு சரியில்லீங்க" என்று உள்ளேயே இருந்துகொண்டார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் பாத்திமுத்து களத்தைத் தேடிக்கொண்டு வந்தாள். மேட்டுப்பாளையத்திலிருந்து தனியாக வந்திருந்தாள். "அண்ணே, எம்மவன காலேஜ விட்டு நிறுத்திட்டேன். தூக்கத்துல கத்துறான். நேத்துத்தான் எல்லாத்தையும் சொன்னான். கண்ணக் கட்டுனது அந்தத் தாளாளரு சொந்தக்காரப் பையன். உங்க மவன்தான் எம் புள்ளையச் சொமந்துட்டுப் போச்சு. போற வழியெல்லாம், தம்பி தூங்கிராத, தூங்கிராதன்னு சொல்லிக்கிட்டே போச்சாம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க கும்பிடாம இருந்திருந்தா நான் கேட்டிருப்பேன் அண்ணே. நான் கேட்டிருப்பேன்."

தம்பிதுரை அவளைத் தேற்றக்கூட நிற்கவில்லை. காய்கிற தேங்காயை மழையில் நனைய விட்டுவிட்டு, போட்டிருந்த சட்டையோடு பஸ் ஏறினார். வழியெல்லாம் ஒரே நினைப்பு. இதைச் சொன்னால் பையன் மனசு ஆறும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், ஆனாலும் ஆறும்.

பட்டறையில் பூபதி மிஷின் முன்னால் குனிந்து நின்றான். அவரைப் பார்த்ததும் நிறுத்தினான். கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு வந்தான். "வாங்க. ஏனுங்க, அம்மாவுக்கு ஏதாச்சும்...?"

"இல்ல கண்ணு, நல்ல சமாச்சாரம்." மூச்சு வாங்கியது அவருக்கு. "அந்தப் பையனோட அம்மா ஊட்டுக்கு வந்துச்சு. எல்லாத்தையும் சொல்லிருச்சு. நீ செய்யலைன்னு தெரிஞ்சுபோச்சு சாமி! நீ செய்யலை!"

பூபதி அவரையே பார்த்தான். பக்கத்து மிஷினில் ஒரு இரும்பு கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

"இப்பத்தான் தெரிஞ்சுதுங்களா?" என்றான்.

தம்பிதுரைக்கு அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு அந்த ரூம்புல, நான்தான் செஞ்சிருப்பேன்னு நெனைச்சீங்களா? இல்ல, செஞ்சிருக்க மாட்டேன்னு நெனைச்சீங்களா?" குரலை உயர்த்தவில்லை அவன். "எதுவா இருந்தாலும் சரிங்க. சொல்லுங்கப்பா."

அப்பா என்றான். தம்பிதுரைக்குக் கண் நிறைந்துவிட்டது. செஞ்சிருக்க மாட்டேன்னுதான் நெனைச்சேன் கண்ணு என்று சொல்லிவிடலாம். சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். ஊர் முழுக்க எத்தனையோ பேருக்கு, அவர்கள் மனசு ஆற வேண்டும் என்று, இதைவிடப் பெரிய வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார். அந்த அறைக்குள் மனசைத் திருப்பிப் போய்ப் பார்த்தார். காப்பி இருந்தது, தாளாளரின் மரியாதை இருந்தது, அழுதுகொண்டிருந்த தாய் இருந்தாள், சீக்கிரம் முடிந்தால் போதும் என்கிற தவிப்பு இருந்தது. பூபதி செய்தானா, இல்லையா என்ற கேள்வி அங்கே எங்கேயும் இல்லை.

"நெனைச்சே பாக்கலை சாமி" என்றார்.

பூபதி தலையை ஆட்டினான். "மழை வர்ற மாதிரி இருக்குதுங்க. அஞ்சு மணிக்கு காங்கேயத்துக்கு நேர் பஸ் இருக்குது, உக்காந்து போலாமுங்க" என்று சொல்லிவிட்டு மிஷினுக்குத் திரும்பினான். தம்பிதுரை இரண்டு கையும் தொங்கவிட்டபடி அங்கேயே நின்றார். அவருக்குக் கும்பிடத் தோன்றவில்லை.